மொத்தமாக வாங்கினால் மிச்சம் யாருக்கு? திருவல்லிக்கேணி முதல் கடலூர் வரை ஒரு மளிகை வரலாறு

கம்மாபுரம் பக்கம் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் குதிர் நின்ற மூலை இன்னும் இருக்கிறது. குதிர்தான் இல்லை. அந்த இடத்தில் இப்போது பீரோவோ வாஷிங் மெஷினோ நிற்கும். அறுவடை முடிந்ததும் ஒரு வருஷத்துக்கு வேண்டிய நெல்லைக் குதிரில் கொட்டி வாயை மண் பூசி அடைத்துவிடுவார்கள். மாசி பங்குனியில் புதுப்புளி வந்தவுடன் கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார்கள். மிளகாய் சித்திரை வெயிலில் காய்ந்து மூட்டையாகும். நெல் அறுத்த தரிசில் விளைந்த உளுந்து தகர டின்னுக்குள் போகும். இன்று இணையத்தில் "மொத்தமாக வாங்குங்கள், மிச்சப்படுத்துங்கள்" என்று விளம்பரம் வரும்போது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலத் தெரிகிறது. நம் பாட்டிகள் வருஷக் கணக்கிலேயே கொள்முதல் செய்தவர்கள்!

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். குதிரில் கிடைத்த மிச்சம் காலத்தால் வந்த மிச்சம். அறுவடையில் விலை விழும், ஐப்பசி கார்த்திகையில் ஏறும். விழுந்தபோது வாங்கி (அல்லது விற்காமல் வைத்து) ஏறும்போது சாப்பிடுவது. இன்னொரு மிச்சம் இருக்கிறது, அது அளவால் வருவது. ஒரு மூட்டை வாங்குகிறவனுக்குக் கிலோவுக்கு ஒரு விலை, கால் கிலோ வாங்குகிறவனுக்கு வேறு விலை. இந்த இரண்டாவது மிச்சத்தின் கதைதான் இங்கே பேசப்படுவது. அது கிராமத்தில் தொடங்கவில்லை, மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் குடியிருந்த தெருக்களில் தொடங்கியது.

மாதச் சம்பளத்துக்கும் மளிகை லிஸ்டுக்கும் உள்ள உறவு எளிதானது. மாதம் ஒருமுறை கையில் மொத்தமாகப் பணம் வந்தால்தான் மாதம் ஒருமுறை மொத்தமாகச் சாமான் வாங்க முடியும். 1956-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பின்புதான் விருத்தாசலம், கம்மாபுரம் வட்டாரத்தில் சம்பளக்காரக் குடும்பம் என்ற ஒன்று கணிசமாக உருவானது. அதற்கு முன் வாத்தியார், தபால்காரர், ரயில்வேக்காரர் என்று விரல்விட்டு எண்ணலாம். மற்றவர்களுக்கு அன்றன்றைய கூலி, அன்றன்றைய சாமான். கையில் காசில்லாத நாளில் கடை நோட்டு. அந்த நோட்டு நம் கட்டுரைக்கு முக்கியமான பாத்திரம், பிறகு வரும்.

சென்னையில் அந்தச் சம்பளக்காரக் குடும்பங்கள் ஐம்பது வருஷம் முன்பே நிறைய இருந்தன. திருவல்லிக்கேணி அப்படிப்பட்ட பேட்டை. கோட்டையிலும் கடற்கரை ஆபீஸ்களிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், வக்கீல்கள், கல்லூரி மாணவர்கள் என்று ஒரே மாதிரியான வருமானமும் ஒரே மாதிரியான செலவும் உள்ளவர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். எல்லோர் வீட்டிலும் ஒன்றாம் தேதி வாக்கில் அதே அரிசி, அதே துவரம்பருப்பு, அதே நல்லெண்ணெய் தேவைப்பட்டது. எல்லோரும் தனித்தனியாகக் கடைக்குப் போய்த் தனித்தனியாக ஏமாந்தார்கள். எடை குறைவு, அரிசியில் கல், எண்ணெயில் கலப்படம்.

1904-ல் அங்கே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டியூசிஎஸ் என்று சென்னைவாசிகள் சொல்வது இதைத்தான். இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது இந்தப் பெயர். இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. 1869-ல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் பிறந்தவர். திருவல்லிக்கேணி பெரிய தெருவில் இருக்கும் இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-ல் கோகலே மறைந்தபின் அதன் தலைவராகி, 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் ஏஜெண்டாகப் போய், ஆங்கிலப் பேச்சாற்றலுக்காக உலகம் முழுவதும் பெயர் வாங்கியவர். 1935 முதல் 1940 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரும் இவர்தான். கடலூர் மாவட்டத்தில் பட்டம் படித்தவர்கள் அவர் பெயரைத் துணைவேந்தர் பட்டியலில் பார்த்திருப்பார்கள். அரிசி பருப்புக் கடை வைக்கச் சங்கம் சேர்த்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த யோசனை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துக்குப் போக வேண்டும்.

ராச்டேல், மான்செஸ்டருக்கு அருகில் உள்ள ஒரு நெசவாலை ஊர். 1840-களில் அங்கே கம்பளி நெசவாளர்களுக்குக் கூலி குறைந்துகொண்டே போனது. சில ஆலைகள் கூலியைப் பணமாகக் கொடுக்காமல், தங்கள் சொந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டாகக் கொடுத்தன. மாவில் சுண்ணாம்பு கலந்தார்கள். 1844-ல் 28 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு, அதையும் வாரத்துக்குச் சில பென்ஸ் என்று சேர்த்து, மொத்தம் 28 பவுண்டு முதலீடு. அந்த ஆண்டு டிசம்பர் 21-ம் தேதி மாலை, டோட் லேன் என்ற சந்தில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தார்கள். தவளைச் சந்து என்று தமிழில் சொல்லலாம்! கடையில் இருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். ஊரில் உள்ள மளிகைக்காரர்களும் தெருப் பையன்களும் கேலி செய்தார்கள். ஹோலியோக் என்பவர் 1858-ல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாக இந்தக் கதை பல நாடுகளுக்குப் பரவியது.

ராச்டேல்காரர்களுக்கு முன்பும் கூட்டுறவுக் கடைகள் இருந்தன, பெரும்பாலும் திவாலாயின. மலிவு விலைக்கு விற்கலாம் என்று ஆரம்பித்து, லாபமே வைக்காமல் விற்று, கடனும் கொடுத்து, முதலை இழந்து மூடினார்கள். ராச்டேல்காரர்கள் இங்கேதான் புத்திசாலித்தனம் காட்டினார்கள். கடைத்தெருவில் என்ன விலையோ அதே விலைக்கு விற்றார்கள். கலப்படம் இல்லை, எடை சரி, கடன் கிடையாது. காலாண்டு முடிவில் கணக்குப் பார்த்து, மிஞ்சிய லாபத்தை யார் எவ்வளவுக்குச் சாமான் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். பங்குக்கு வரையறுத்த வட்டி மட்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். சாதாரணக் கம்பெனியில் லாபம் முதல் போட்டவனுக்குப் போகிறது. இங்கே லாபம் வாங்கியவனுக்கே திரும்புகிறது. பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடி நடுவில் யாரிடமும் தங்குவதில்லை. அதே சமயம் விலையைக் குறைக்காததால் பக்கத்துக் கடைக்காரரோடு விலைச்சண்டையும் வராது, கையிருப்பும் கரையாது. மிச்சம் மாதாமாதம் பத்து இருபது காசாகக் கரைந்துவிடாமல் காலாண்டுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியும் தொகையாக வந்து நிற்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்ந்த சேமிப்பு!

சென்னைக்காரர்கள் பின்பற்றியது இந்த ராச்டேல் வழியைத்தான். தற்செயலாக அதே 1904-ல்தான் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. விவசாயிகளின் கடன் சுமையைத் தீர்க்க என்ன செய்யலாம் என்று ஐரோப்பா போய்ப் பார்த்துவர ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைச் சென்னை அரசாங்கம் அனுப்பியது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமங்களில் ஏற்படுத்திய கடன் சங்கங்களை இங்கேயும் தொடங்க வேண்டும் என்பது அவர் அறிக்கையின் சாரம். எனவே 1904-ம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே மனதில் வைத்து எழுதப்பட்டது. பண்டகசாலை, நெசவாளர் சங்கம், விற்பனைச் சங்கம் எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது 1912-ல் வந்த இரண்டாவது சட்டத்தில்தான். அதாவது திருவல்லிக்கேணிக்காரர்கள் சட்டத்தை முந்திக்கொண்டு கடை வைத்துவிட்டார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் திருவல்லிக்கேணிச் சங்கம் கிளை மேல் கிளை வைத்து வளர்ந்தது. ஆனால் அதைப் பார்த்து மற்ற ஊர்களில் ஆரம்பித்த பண்டகசாலைகள் பெரும்பாலும் தேறவில்லை. இந்தியக் கூட்டுறவு வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் யுத்தத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றிச் சொல்லும்போது, நுகர்வோர் சங்கங்கள் தோல்வி, திருவல்லிக்கேணி விதிவிலக்கு என்றுதான் எழுதுகிறார்கள். ஏன்?

இங்கேதான் கடை நோட்டு வருகிறது. ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை என்பது ராச்டேல் விதி. மாதச் சம்பளக்காரனுக்கு அது ஒரு நல்ல கட்டுப்பாடு. கூலிக்காரனுக்கு அது ஒரு மூடிய கதவு. நடவு இருந்தால் கூலி, மழை பெய்தால் இல்லை, களையெடுப்பு முடிந்து அறுப்பு வரும்வரை சும்மா. அந்த நாட்களில் சோறு போடுவது தெருமுனைக் கடைக்காரரின் நோட்டு. அவர் கிலோவுக்கு நாலு காசு கூட வைத்தார் என்பது உண்மை. ஆனால் அந்த நாலு காசுக்குள் வட்டியும் இருந்தது, வராக்கடனும் இருந்தது, நள்ளிரவில் கதவைத் தட்டினால் சீரகம் கொடுக்கும் சேவையும் இருந்தது. சங்கத்தில் இவை எதுவும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டுக்கு மாத மளிகை சில்லறையில் வாங்கினால் 3,300 ரூபாய், ஒரே தடவையில் மொத்தமாக வாங்கினால் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 300. சம்பளக்காரருக்கு 300-ம் முழுசாகக் கிடைக்கும். அந்த 3,000 ரூபாயைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால்? ஊரில் நடக்கும் பத்து ரூபாய் வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் பத்து) வாங்கினால், மாசக் கடைசியில் வட்டி மட்டும் 300. மிச்சம் பூஜ்யம்! ஐந்து ரூபாய் வட்டி என்றாலும் பாதி போய்விடும். மொத்தக் கொள்முதல் மலிவு என்பது எல்லோருக்கும் பொதுவான உண்மை இல்லை. கையில் முன்பணம் இருப்பவருக்கு மட்டும் அது உண்மை.

பணம் மட்டுமா, வைக்க இடமும் வேண்டும். கூரை வீட்டில் அரை மூட்டை சர்க்கரையை எங்கே வைப்பது? எறும்பு, எலி, வண்டு எல்லாம் பங்காளிகள். கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் மாவட்டமே தண்ணீரில் நின்றது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் கால் கிலோ பருப்பு வைத்திருந்தவருக்கு நஷ்டம் கால் கிலோ, மூட்டை வைத்திருந்தவருக்கு மூட்டை. இன்னொன்றும் உண்டு. டின் நிறைய எண்ணெய் இருந்தால் கரண்டி தாராளமாக இறங்கும். இதை எந்தப் பாடப்புத்தகமும் எழுதுவதில்லை, அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்குக் காலம் வந்தது இரண்டாம் உலக யுத்தத்தில். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. விலை பறந்தது, பதுக்கல் பெருகியது. 1943-ல் சென்னை நகரில் ரேஷன் வந்தது. நேர்மையாக எடை போட்டுக் கணக்கு வைத்து விற்க ஆள் தேவைப்பட்டபோது அரசாங்கத்துக்குக் கண்ணில் பட்டவை கூட்டுறவுச் சங்கங்கள். அதே காலத்தில் இலங்கையிலும் இதே கதை. அங்கே ஊருக்கு ஊர் பண்டகசாலைச் சங்கம் முளைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் சங்கக்கடை என்று சொல்வது அந்தப் பரம்பரையில் வந்ததுதான். ஒரு விதத்தில் யுத்தம் இந்தச் சங்கங்களை வளர்த்தது, இன்னொரு விதத்தில் கெடுத்தது. உறுப்பினர்கள் கூடி வாங்கும் கடை என்ற எண்ணம் போய், அரசாங்கம் கொடுக்கும் கடை என்ற எண்ணம் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது. 1952-ல் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். கியூ கலைந்தது. கட்டுப்பாட்டை நம்பியே நின்ற பல பண்டகசாலைகளும் அதோடு கலைந்தன.

பிறகு 1962. சீனப் போரினால் விலை ஏறுமே என்ற பயத்தில் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. மக்கள்தொகை 50,000-க்கு மேல் உள்ள நகரங்களில் 200 மொத்தப் பண்டகசாலைகள், அவற்றின் கீழ் 4,000 ஆரம்பப் பண்டகசாலைகள். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது, டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. அடுத்த மாதமே டெல்லியில் சூப்பர் பஜார் திறந்தார்கள். தமிழ்நாட்டில் கோவையின் சிந்தாமணி, சென்னையின் காமதேனு, மதுரையின் பாண்டியன் எல்லாம் இந்த வம்சம்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த ஊர்க்காரர்களுக்கு சூப்பர் மார்க்கெட் என்றாலே கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்தான். பெயர்களைப் பாருங்கள், கேட்டதையெல்லாம் கொடுக்கும் பசு, நினைத்ததையெல்லாம் கொடுக்கும் மணி! நினைத்த சரக்கு எப்போதும் இருந்ததா என்பது வேறு விஷயம்.

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. இந்தப் புள்ளியிலிருந்து மொத்தக் கொள்முதல் என்பதன் அளவே மாறிவிட்டது. ஒரு தெருவுக்காக மூட்டை வாங்கிய இடத்தில் ஒரு மாநிலத்துக்காக டன் கணக்கில் வாங்குவது. நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்கி, அரைத்து, கிடங்கில் அடுக்கி, பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் ரேஷன் கடை வழியாகக் கொடுப்பது. கிலோ 2 ரூபாய் அரிசி 2006-ல், 1 ரூபாய் 2008-ல், 2011 ஜூன் முதல் இலவசம். 2007-ல் துவரம்பருப்பும் உளுந்தும் பாமாயிலும் சிறப்புத் திட்டத்தில் சேர்ந்தன. கையில் முன்பணம் இல்லாதவருக்கும் மொத்த விலையின் பலன் கிடைத்த வழி தமிழ்நாட்டில் இது ஒன்றுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். முன்பணத்தை அரசாங்கம் போட்டது, கிடங்கை அரசாங்கம் வைத்தது, புயலில் நனைந்தால் நஷ்டமும் அரசாங்கத்துக்கு. அரிசியில் வண்டு, பாமாயில் "ஸ்டாக் இல்லை", எடை போடும்போது கொஞ்சம் கைவரிசை என்று குறை சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லாத நாளும் இல்லை. ஆனாலும் கம்மாபுரம் ஒன்றியத்தில் ஒரு கூலி வீட்டின் மாத பட்ஜெட்டை எழுதிப் பார்த்தால், ரேஷன் அரிசியை எடுத்துவிட்டால் கணக்கு நிற்காது.

அரிசிக்கும் பருப்புக்கும் அரசாங்கம் வந்தது. சோப்பு, ஷாம்பூ, பவுடருக்கு யார் வருவார்கள்? இதற்குப் பதில் கடலூரிலிருந்தே வந்தது, அதுவும் மொத்தக் கொள்முதலுக்கு நேர் எதிரான திசையிலிருந்து. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் பாட்டிலில் வாங்குவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க வேண்டுமானால் அன்றாடக் கூலியில் அடங்கும் பொட்டலமாகக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தார். பொருள்களைச் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்துப் பார்த்தார். அவர் மறைவுக்குப் பின் மகன்கள் வெல்வெட் ஷாம்பூவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். இன்னொரு மகனான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்பூவை ஆரம்பித்தார். காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்று கிராமம் கிராமமாகப் பிடித்தார். பிற்பாடு 50 காசுக்கே பாக்கெட் விற்றார்கள். இன்றைய கெவின்கேர் நிறுவனம் அப்படி வளர்ந்தது. பெட்டிக்கடை வாசலில் தோரணம் மாதிரி தொங்கும் பாக்கெட் சரங்களுக்கு ஊர் கடலூர்!

வேடிக்கை என்னவென்றால், ஷாம்பூவில் பல நேரம் பாட்டிலைவிடப் பாக்கெட்டில்தான் மில்லிக்கு விலை குறைவு. பெரிய அளவு வாங்கினால் மலிவு என்ற பொது விதி இங்கே தலைகீழ். பாக்கெட் வாங்குகிறவர் ஒவ்வொரு காசையும் பார்த்து வாங்குவார், பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு பாக்கெட். பாட்டில் வாங்குகிறவர் கணக்குப் பார்க்க மாட்டார் என்பது கம்பெனிக்குத் தெரியும். அண்மை ஆண்டுகளில் பாக்கெட் மீது கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். பொடி எழுத்துதான், ஆனால் படிக்க வேண்டிய எழுத்து. ஐந்து கிலோ பையில் போட்டிருக்கும் "சலுகை" உண்மையா பொய்யா என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். (காலிப் பாக்கெட்டெல்லாம் வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடப்பதும் இந்த வரலாற்றின் ஒரு பக்கம், மறுக்க முடியாது.)

தனியார்கள் மொத்தக் கொள்முதலைக் கையில் எடுத்த கதைக்கும் சென்னைதான் களம். 1997-ல் திருவான்மியூரில் சுபிக்‌ஷா தொடங்கியது. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, சின்னக் கடை, அச்சிட்ட விலையிலிருந்து தள்ளுபடி. மொத்தமாக வாங்கி, கிடைத்த தள்ளுபடியில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுதான் அதன் தொழில் ரகசியம். நடுத்தரக் குடும்பங்கள் மொய்த்தன. இந்தியா முழுவதும் 1,600-க்கும் மேற்பட்ட கடைகள் என்று வளர்ந்த நிறுவனம், 2009 தொடக்கத்தில் கையில் ரொக்கம் இல்லாமல் மூடியது. கடன் வாங்கி வேகமாகக் கடை திறந்துகொண்டே போனதும், உலகப் பணநெருக்கடியில் புதுக்கடன் நின்றுபோனதும் காரணம். ரொக்கம் இருக்கும்வரைதான் மொத்த விலை. கூலிக்காரர் வீட்டுக்கு எழுதிய அதே கணக்கு 1,600 கடை நிறுவனத்துக்கும் பொருந்திவிட்டது பாருங்கள்.

இணைய மளிகையும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். அமெரிக்காவில் வெப்வேன் என்ற நிறுவனம் பெரும் கிடங்குகளைக் கட்டி, வீடு வீடாக மளிகை அனுப்பி, 2001-ல் திவாலானது. இந்தியாவில் 1999-ல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையை ஆரம்பித்தவர்கள் மளிகையையும் விற்றுப் பார்த்தார்கள். அப்போது எத்தனை வீட்டில் இன்டர்நெட் இருந்தது? அவர்கள் நிஜக் கடைகளுக்கு மாறி, அவற்றை விற்றுவிட்டு, 2011-ல் மறுபடி இணையத்துக்கு வந்து பிக்பாஸ்கெட் தொடங்கினார்கள். 2021-ல் அதன் பெரும்பங்கை டாடா குழுமம் வாங்கியது. இந்த முறை செல்போனும் யுபிஐயும் எல்லார் கையிலும் இருந்தன.

இணையக் கடையில் மொத்தமாக வாங்கினால் மிச்சம் வருமா என்றால், வரும். பெரிய பை, மாத முதல் வாரச் சலுகை, குறிப்பிட்ட தொகைக்கு மேல் டெலிவரி இலவசம் எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்பிட்ட தொகையை எட்டுவதற்காகவே தேவையில்லாத இரண்டு பாக்கெட் பிஸ்கட் கூடைக்குள் விழுவதும் உண்மை. ராச்டேல் கணக்கோடு ஒப்பிட்டால் இன்னொரு வித்தியாசம் தெரியும். டோட் லேனில் ஆயிரம் பேர் சேர்ந்து வாங்கியதால் கிடைத்த தள்ளுபடி அந்த ஆயிரம் பேருக்கே காலாண்டில் திரும்பியது. இணையக் கடையில் லட்சம் பேர் சேர்ந்து வாங்குகிறோம். ஒருவருக்கொருவர் தெரியாது, ஓட்டும் கிடையாது. தள்ளுபடியில் எவ்வளவு நமக்கு, எவ்வளவு கம்பெனிக்கு என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும். இந்த மாதம் கொடுப்பார்கள், அடுத்த மாதம் "ஆஃபர் முடிந்தது".

கம்மாபுரம் போன்ற ஊர்களில் இதற்கெல்லாம் நடுவில் ஓசைப்படாமல் நடக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. பலகாரச் சீட்டு என்பார்கள், தீபாவளி ஃபண்டு என்றும் சொல்வார்கள். தெருவில் இருபது முப்பது பெண்கள், வாரமோ மாதமோ ஒரு தொகை. நம்பிக்கையான ஒருவர் நோட்டு வைத்திருப்பார். சில ஊர்களில் சீட்டுப் பிடித்தவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய கதைகளும் உண்டு, செய்தித்தாளில் வருஷா வருஷம் வருகிறது. அதனால் ஆள் பார்த்துத்தான் சேருவார்கள். கையில் ஒரே தடவையாக மூவாயிரம் இல்லாத வீடுகள், நூறு இருநூறாகச் சேர்த்து அந்த முன்பணத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ராச்டேல் நெசவாளர்கள் வாரத்துக்குச் சில பென்ஸ் சேர்த்ததும் இப்படித்தான்.

ஐப்பசி பிறந்ததும் இரண்டு மூன்று பேர் விருத்தாசலம் போய் மொத்தக் கடையில் விலை கேட்பார்கள். முப்பது வீட்டுச் சரக்கு என்றால் கடைக்காரர் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார். எண்ணெய் டின், மைதா மூட்டை, சர்க்கரை மூட்டை, கடலைமாவு, வெல்லம், ஏலக்காய், பட்டாசு ஒரு பெட்டி என்று மினி வேனில் ஏறும். ஊருக்கு வந்ததும் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் இறக்கி, தராசு கட்டி, பெயர் வாசித்துப் பிரிப்பார்கள். மூட்டைக்கு அடியில் தங்கும் உடைந்த வெல்லமும் சிந்திய சர்க்கரையும் நோட்டு எழுதியவருக்கு. அதற்கு மட்டும் கணக்குக் கிடையாது.